ரேடாரைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம்

1972 மே 26 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்ஸனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கையெழுத்திட்ட ஏ.பி.எம். ஒப்பந்தத்தை, அதாவது எதிரி ஏவுகணையைத் தடுக்கும் அமைப்புகளுக்கு வரம்பு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "இடத்துக்கு 100 தடுப்பு ஏவுகணை" என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் 16 பிரிவுகளையும், கூடவே சேர்த்த விளக்கக் குறிப்புகளையும் பொறுமையாகப் படித்தால் வேறு ஒன்று கண்ணில் படும். எழுதியவர்களுக்கு ஏவுகணையைவிட ரேடார் மேல்தான் கவலை அதிகம். ரேடார் எங்கே நிற்கலாம், எந்தத் திசையைப் பார்க்கலாம், எவ்வளவு பலத்தோடு இருக்கலாம், எத்தனை கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று வரிக்கு வரி கட்டுப்பாடு. அடுத்த முப்பது வருடங்களில் வந்த பெரிய தகராறுகளில் பாதிக்கு மேல் ரேடாரை வைத்தே வந்தன. இந்தப் பதிவும் அந்த வழியாகத்தான் போகிறது.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. எதிரி வீசும் அணுகுண்டைத் தடுக்கும் உரிமையை ஒரு நாடு எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? 1967 ஜூனில் நியூ ஜெர்சியின் கிளாஸ்பரோவில் அமெரிக்க அதிபர் ஜான்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் சந்தித்தபோது, அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மெக்நமாரா தடுப்பு ஏவுகணைகளை இரு தரப்பும் மட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடினார். கோசிகின் ஒப்புக்கொள்ளவில்லை. தற்காப்பு ஆயுதம் யாரையும் கொல்வதில்லையே, அதை ஏன் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான பேச்சுதான். ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை.

தடுப்பவரிடம் 100 தடுப்பு ஏவுகணைகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று குறி தப்பலாம் என்பதால் வரும் ஒவ்வொரு வார்ஹெட்டுக்கும் (ஏவுகணையின் முனையில் வரும் அணுகுண்டு) இரண்டு ஏவுவார்கள். ஆக எல்லாமே சரியாக வேலை செய்தாலும் 50 வார்ஹெட்டைத்தான் தடுக்க முடியும். அந்தக் காலத்து அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றில் 16 போசைடான் ஏவுகணைகள் இருந்தன; ஒவ்வொன்றிலும் பத்து வார்ஹெட் என்று போட்டால் 160. ஒரே ஒரு நீர்மூழ்கி போதும், மொத்தக் கேடயத்தையும் காலிசெய்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கும். தாக்குகிறவருக்கு இன்னொரு வார்ஹெட்டைச் சேர்ப்பது, தடுக்கிறவருக்கு இன்னும் இரண்டு தடுப்பு ஏவுகணைகளையும் அவற்றுக்கான ரேடாரையும் கட்டுவதைவிட எப்போதும் மலிவு. அதனால் ஒருவர் கேடயம் கட்ட ஆரம்பித்ததும் அடுத்தவர் குண்டைக் கூட்டுவார். ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது, அப்படித்தான் நடந்தது. மாஸ்கோவைச் சுற்றிக் கேடயம் எழுவதைப் பார்த்த அமெரிக்கா, ஒரே ஏவுகணையில் தனித்தனி இலக்குக்குப் போகும் பல வார்ஹெட்டுகளை வைக்கும் திட்டத்துக்கு அதையே முக்கியக் காரணமாகக் காட்டியது. மூன்று வார்ஹெட் கொண்ட மினிட்மேன் 3, 1970இல் நிலத்தடி ஏவுகணைக் குழிகளில் இறங்கியது.

இனி ரேடாருக்கு வருவோம். அந்தக் காலத் தடுப்பு முறை எப்படி வேலை செய்தது என்று படிப்படியாகப் பார்த்தால் ஒப்பந்தத்தின் வாசகம் தானே புரியும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஏறக்குறைய அரை மணி நேரம் பறக்கும். வேகம் நொடிக்கு 7 கிலோமீட்டர். புறப்பட்ட நெருப்பை வெப்பக் கண் கொண்ட செயற்கைக்கோள் முதலில் பார்க்கும். அடிவானத்துக்கு மேலே ஏறிய பிறகு, நாட்டின் விளிம்பில் இருக்கும் முன்னெச்சரிக்கை ரேடார் அதைப் பிடித்துப் பாதையைக் கணிக்கும். அதன் பிறகுதான் கடினமான கட்டம்: எது வார்ஹெட், எது ஏமாற்றுப் பலூன், எது உடைந்த துண்டு என்று பிரிக்க வேண்டும். பிரித்ததை நொடிக்கு நொடி பின்தொடர வேண்டும். தடுப்பு ஏவுகணை கிளம்பியதும் அதையும் பின்தொடர்ந்து, இரண்டும் சந்திக்கும் புள்ளிக்கு அதை ஓட்டிச்செல்ல வேண்டும். இந்தக் கடைசி மூன்று வேலைகளுக்கும் பெரிய, பலமான, கணினியோடு இணைந்த ரேடார் தேவை. கண்ணைக் கட்டிவிட்டால் கையில் எத்தனை கல் இருந்து என்ன?

இன்னொரு காரணமும் உண்டு, நடைமுறைக்கு அதுதான் முக்கியம். தடுப்பு ஏவுகணையைத் தொழிற்சாலையில் ரகசியமாகச் செய்து கிடங்கில் அடுக்கிவைக்கலாம். பெரிய ரேடாரை அப்படிச் செய்ய முடியாது. அடித்தளம் தோண்டி, பல மாடிக் கட்டடம் எழுப்பி, ஆயிரக்கணக்கான ஆன்டெனா உறுப்புகளைப் பொருத்தி, மின்நிலையம் இணைத்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாளும் மேலே போகும் உளவுச் செயற்கைக்கோளின் கேமராவுக்கு அது தெரிந்துகொண்டே இருக்கும். ஒப்பந்தத்தை மீறி நாடு முழுக்கக் கேடயம் விரிக்க ஒருவர் நினைத்தால், முதலில் ரேடார் கட்ட வேண்டும். கட்ட ஆரம்பித்த அன்றே மற்றவருக்குத் தெரிந்துவிடும். பதில் சொல்ல ஐந்தாறு வருடம் கையில் இருக்கும். ஏ.பி.எம். ஒப்பந்தம் உண்மையில் வாங்கித் தந்தது இந்த அவகாசத்தைத்தான். முதல் பிரிவு நாடு தழுவிய பாதுகாப்பை மட்டும் தடை செய்து நிறுத்தாமல், அதற்கான "அடித்தளம்" அமைப்பதையும் தடை செய்ததன் பொருள் இதுவே.

பிரிவு 3 இரண்டு இடங்களை அனுமதித்தது. ஒன்று தலைநகரைச் சுற்றி 150 கிலோமீட்டர் ஆரம். மற்றது ஏவுகணைக் குழிகள் இருக்கும் பகுதி ஒன்றைச் சுற்றி அதே 150 கிலோமீட்டர். ஒவ்வொன்றிலும் 100 லாஞ்சர் (ஏவும் அமைப்பு), ஏவத் தயாராக 100 ஏவுகணை, அதற்கு மேல் கூடாது. இரண்டு வட்டங்களின் மையங்களுக்கும் இடையே 1,300 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து பெரிய நிலப்பரப்புக்குக் குடை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

ரேடார் கணக்கு இடத்துக்கு இடம் மாறியது. தலைநகர வட்டத்துக்குள் ஆறு ரேடார் வளாகங்கள், ஒவ்வொன்றும் 3 கிலோமீட்டர் விட்டத்துக்குள். வளாகத்துக்குள்ளே எத்தனை ரேடார் என்று கேட்கவில்லை. ஆறு இடம் என்றால் தாக்குகிறவர் ஆறு இடத்தைக் குறிவைத்தால் போதும் என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. ஏவுகணைக் குழிப் பகுதிக்கு இரண்டு பெரிய ரேடாரும், அவற்றில் சிறியதைவிடப் பலம் குறைந்த 18 ரேடாரும் வைக்கலாம். சோதனைத் தளங்களில் 15 லாஞ்சருக்கு மேல் இருக்கக் கூடாது.

பிரிவு 5 எண்ண முடியாதவற்றை ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிட்டது. கடலில், வானில், விண்வெளியில், சக்கரத்தில் நகரும் தடுப்பு அமைப்புகளை உருவாக்கவும் கூடாது, சோதிக்கவும் கூடாது. சீக்கிரமாக மறுபடி நிரப்பக்கூடிய லாஞ்சரும் கூடாது. நிரப்ப முடிந்தால் லாஞ்சரை எண்ணுவதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

எனக்குப் பிடித்த வாசகம் பிரிவு 6இல் இருக்கிறது. இனிமேல் கட்டும் முன்னெச்சரிக்கை ரேடார்கள் நாட்டின் விளிம்பில்தான் நிற்க வேண்டும், வெளியே பார்த்தபடிதான் நிற்க வேண்டும். ஒரே வரி, ஆனால் பொறியியல் தெரிந்தவர்கள் எழுதிய வரி. விளிம்பில் நின்று வெளியே பார்க்கும் ரேடார் வருவதைச் சொல்லும். குண்டு தலைக்கு மேலே தாண்டி உள்நாட்டுக்குள் போன பிறகு அதற்கு எதுவும் தெரியாது. தடுப்பு ஏவுகணையை வழிநடத்த அது உதவாது. போதாததற்கு, விளிம்பில் இருப்பதால் போர் தொடங்கினால் முதலில் அடிபடுவதும் அதுதான். எச்சரிக்கைக்கு முழுப் பயன், கேடயத்துக்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம். இரண்டையும் பிரிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

பலத்துக்கும் ஒரு வரம்பு வேண்டுமே. அதற்கு விளக்கக் குறிப்பு ஒன்றில் ஒரு எண் வருகிறது: 30 லட்சம். ரேடார் வெளியிடும் சராசரி மின்சக்தியை வாட்டிலும், ஆன்டெனாவின் பரப்பைச் சதுர மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் வருகிற தொகை. வானத்தைத் துழாவித் தேடும் திறன் இந்தப் பெருக்கலைப் பொறுத்தே இருக்கிறது. 30 கிலோவாட் சராசரி சக்தியோடு 100 சதுர மீட்டர் ஆன்டெனா இருந்தால் சரியாக வரம்பைத் தொடும். கதிரை மின்னணு முறையில் திருப்பும் ஃபேஸ்டு அரே ரேடார் இந்தத் தொகையைத் தாண்டினால் மேலே சொன்ன அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும் நிற்கலாம். எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரிய, அமெரிக்காவின் பேவ் பாஸ் முன்னெச்சரிக்கை ரேடாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்துக்குச் சராசரி 145 கிலோவாட், ஆன்டெனா விட்டம் 22 மீட்டர். பெருக்கினால் 5 கோடியைத் தாண்டும்.

ஆனால் அந்தக் குறிப்பிலேயே ஓர் ஓட்டையும் விட்டுவைத்தார்கள். விண்வெளிப் பொருள்களைப் பின்தொடரும் ரேடாருக்கும், ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் ரேடாருக்கும் இந்த வரம்பு கிடையாது. பின்னால் இதன் வழியாகத்தான் ஒரு யானையே நுழையப் பார்த்தது.

அதற்கு முன் இரண்டு தளங்களும் என்ன ஆயின என்று சொல்லிவிடுகிறேன். 1974 ஜூலை 3 அன்று கையெழுத்தான இணைப்பு உடன்பாடு இரண்டை ஒன்றாகக் குறைத்தது. அமெரிக்கா வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஏவுகணைப் பகுதியை வைத்துக்கொண்டது. நெகோமா என்ற ஊரருகே உச்சி வெட்டிய பிரமிடு மாதிரி ரேடார் கட்டடம், 30 ஸ்பார்ட்டன், 70 ஸ்பிரின்ட் தடுப்பு ஏவுகணைகள். ஸ்பார்ட்டன் விண்வெளியிலேயே 5 மெகாடன் குண்டை வெடித்து, அதன் எக்ஸ் கதிரால் வார்ஹெட்டைக் கெடுக்கும். அதைத் தாண்டி வருவதைச் சில நொடிகளில் பாய்ந்து காற்று மண்டலத்துக்குள் பிடிப்பது ஸ்பிரின்ட்டின் வேலை. 1975 அக்டோபர் 1 அன்று முழு இயக்கத்துக்கு வந்தது. மறுநாள் பிரதிநிதிகள் சபை அதை மூடச்சொல்லி வாக்களித்தது. 1976 பிப்ரவரியில் அணைத்தார்கள்.

பணத்தை வீணடித்தார்கள் என்று இதைப் பேசுவது வழக்கம். அதைவிட, எதனால் மூடினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. சொந்தக் குண்டு மேலே வெடித்ததும் காற்று அயனியாகி, கீழே இருக்கும் சொந்த ரேடாரே குருடாகிவிடும். அந்த ரேடார் ஒன்று செத்தால் 100 ஏவுகணையும் குழிக்குள் கிடக்கும் வெறும் இரும்பு. எதிரி முதல் குண்டை அதன் மேல்தான் போடுவான். கவாலியர் என்ற ஊரில் இருக்கும் இன்னொரு பெரிய ரேடார் மட்டும் தப்பியது. வடக்கே பார்த்தபடி முன்னெச்சரிக்கைக்கும் விண்வெளிக் கண்காணிப்புக்கும் அதை வைத்துக்கொண்டார்கள்.

சோவியத் தரப்பு மாஸ்கோவை வைத்துக்கொண்டது. 64 லாஞ்சரோடு ஆரம்பித்த ஏ-35 என்ற தடுப்பு அமைப்பு பின்னர் ஏ-135 ஆகி, இரண்டு வகையும் சேர்த்துச் சரியாக 100 ஏவுகணைக்கு வந்தது. மாஸ்கோவுக்கு வடகிழக்கே சோஃப்ரினோ அருகே நான்கு முகம் கொண்ட டோன்-2என் ரேடார் அதன் மூளை.

இனி யானைக்கு வருவோம். 1983 கோடையில் அமெரிக்கச் செயற்கைக்கோள் படத்தில் சைபீரியாவின் நடுவே, கிராஸ்னோயார்ஸ்க் பகுதியில் எனிசெய்ஸ்க் ஊரருகே ஒரு பெரிய கட்டுமானம் தெரிந்தது. தனித்தனியாக நிற்கும், ரேடார் அலையை அனுப்பும் கட்டடமும் வாங்கும் கட்டடமும், அச்சு அசலாகப் பெச்சோராவில் கட்டிக்கொண்டிருந்த தர்யால் வகை முன்னெச்சரிக்கை ரேடார் போல. மங்கோலிய எல்லையிலிருந்து ஏறக்குறைய 750 கிலோமீட்டர் உள்ளே. முகம் வடகிழக்கே, அதாவது தன் பார்வைக்கு முன்னால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சொந்த நிலத்தையே வைத்துக்கொண்டு நின்றது. விளிம்பிலும் இல்லை, வெளியேயும் பார்க்கவில்லை. பிரிவு 6க்கு இதைவிடத் தெளிவான மீறல் வேண்டாம்.

விண்வெளிப் பொருள்களைக் கண்காணிக்கும் ரேடார் என்று சோவியத் தரப்பு சொன்னது. மேலே சொன்ன ஓட்டை இதுதான். ஆனால் படத்தை வைத்தே இதைச் சோதிக்க முடிந்தது. செயற்கைக்கோள்களைப் பார்க்கும் ரேடார் என்றால் ஆன்டெனா முகம் வானத்தை நோக்கி நன்றாகச் சாய்ந்திருக்கும். இங்கே அடிவானத்தைத் துழாவ வசதியாக நின்றது. இருக்கும் இடமும் பார்க்கும் திசையும், மற்ற முன்னெச்சரிக்கை ரேடார்கள் விட்டுவைத்த வடகிழக்கு இடைவெளியை அடைக்கவே பொருந்தின. பசிபிக் பக்கத்து நீர்மூழ்கிகள் ஏவினால் வரக்கூடிய வழி அது.

அப்படியானால் முறைப்படி கடற்கரையில் கட்டியிருக்கலாமே? கட்டலாம். அங்கே நிலம் வருடம் முழுக்க உறைந்து கிடக்கும். சாலை இல்லை, ரயில் இல்லை, மின்சாரம் இல்லை. அந்த இடைவெளியை அடைக்க ஒன்று போதாமல் இரண்டு வேண்டியிருந்திருக்கும். சைபீரியாவின் நடுவில் வைத்தால் ஒன்றிலேயே வேலை முடியும், பொருள்களையும் கொண்டுவரலாம். செலவை மிச்சம் பிடிக்கப் போய் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்பதே என் முடிவு.

அமெரிக்காவில் ஒரு சாரார் இதை நாடு தழுவிய கேடயத்தின் மூளை என்று பயங்காட்டினார்கள். அதுவும் எடுபடாத வாதம். தர்யால் வகை, மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும். அந்த அலை அணு வெடிப்பின் அயனி மேகத்தில் மோசமாகக் கெடும், வார்ஹெட்டை ஏமாற்றுப் பொருளிலிருந்து பிரிக்கும் நுணுக்கமும் அதற்குக் கிடையாது. 1987 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது, குண்டு அதிர்வைத் தாங்கும் கட்டுமானம் எதுவும் அங்கே இல்லை. கடைசியில் 1989 அக்டோபர் 23 அன்று சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்ஸே நாடாளுமன்றமான உச்ச சோவியத்தில் நின்று, அந்த ரேடார் ஒப்பந்தத்தின் வெளிப்படையான மீறல் என்று ஒத்துக்கொண்டார். பிறகு பிரித்துப் போட்டார்கள். கண்டுபிடித்ததிலிருந்து ஒத்துக்கொள்ளும் வரை ஆறு வருடம். அந்த ஆறு வருடத்திலும் ரேடார் இயங்க ஆரம்பிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தம் எதிர்பார்த்த அவகாசம் அப்படியே கிடைத்தது.

குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. கிரீன்லாந்தின் துலேயிலும், இங்கிலாந்தின் ஃபைலிங்டேல்ஸிலும் இருந்த பழைய ரேடார்களை அமெரிக்கா புதிய ஃபேஸ்டு அரே வகையாக மாற்றியது. இரண்டும் அதன் சொந்த நிலத்தில் இல்லையே என்று மாஸ்கோ கேட்டது. ஏற்கெனவே இருந்ததைப் புதுப்பிக்கிறோம் என்று வாஷிங்டன் பதில் சொன்னது. ஜார்ஜியாவிலும் டெக்ஸாஸிலும் வைத்த பேவ் பாஸ் ரேடார்களின் பார்வை நாட்டுக்குள்ளேயும் பரவுகிறது என்ற புகாரும் வந்தது. இவற்றில் துலே விவகாரத்தில் மாஸ்கோ சொன்னதில் நியாயம் கொஞ்சம் அதிகம் என்றே சொல்வேன்.

இப்படிப்பட்ட புகார்களைப் பேசுவதற்கு ஜெனீவாவில் ஒரு நிலை ஆலோசனைக் குழு இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறையாவது மூடிய அறையில் கூடும். விமானத்தைச் சுடும் எஸ்.ஏ.-5 அமைப்பின் ரேடாரை, ஏவுகணைச் சோதனை நடக்கும்போது சோவியத் தரப்பு இயக்கிப் பார்ப்பதாக அமெரிக்கா சந்தேகப்பட்டது. விமானத் தடுப்பு ஆயுதத்துக்குக் கள்ளத்தனமாக ஏவுகணைத் தடுப்புப் பயிற்சி கொடுப்பதும் பிரிவு 6இல் தடை. 1975இல் குழுவில் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த இயக்கம் நின்றது. "ஏவுகணைத் தடுப்பு முறையில் சோதிப்பது" என்றால் சரியாக என்ன என்று 1978இல் எழுத்தில் வரையறுத்தார்கள். ஊருக்குத் தெரியாமல் பேசியதால்தான் இது முடிந்தது. கிராஸ்னோயார்ஸ்க் செய்தித்தாளில் வந்த பிறகு, இரு தரப்பும் விட்டுக்கொடுக்க முடியாமல் போயிற்று.

ரீகனின் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம் வந்ததும் சண்டை வேறு தளத்துக்குப் போனது. லேசர் மாதிரி 1972இல் இல்லாத தொழில்நுட்பங்களை விண்வெளியில் சோதிக்கலாம் என்று 1985 அக்டோபரில் அமெரிக்க அரசு ஒப்பந்தத்துக்குப் புதிய பொருள் சொன்னது. செனட்டர் சாம் நன் பழைய பேச்சுவார்த்தைப் பதிவுகளையும் செனட் விவாதங்களையும் துருவிப் பார்த்து, அந்தப் பொருள் நிற்காது என்று 1987இல் காட்டினார். 1986 அக்டோபரில் ரெய்க்யாவிக்கில் ரீகனும் கோர்பச்சேவும் அணு ஆயுதமே வேண்டாம் என்று பேசும் அளவுக்குப் போய், சோதனை ஆய்வுக்கூடத்துக்குள் நிற்க வேண்டுமா என்ற ஒரு சொல்லில் முறிந்தது. அந்தக் கதை பலர் எழுதியாயிற்று, இங்கே போதும்.

இதைவிட அதிகம் கற்றுக்கொடுப்பது, யாரும் அவ்வளவாகப் பேசாத 1997 செப்டம்பர் 26 நியூயார்க் உடன்பாடு. அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன், பெலாரூஸ், கஜகஸ்தான் ஐந்தும் கையெழுத்திட்டன. கேள்வி இதுதான்: ஈராக்கின் ஸ்கட் போன்ற குறுந்தூர ஏவுகணையைத் தடுக்கும் அமைப்பை எப்படி அனுமதிப்பது, அது பெரிய ஏவுகணையையும் தடுக்கக் கற்றுக்கொள்ளாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? விடை மூன்று எண்களில் வந்தது. தடுப்பு ஏவுகணையின் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், சோதனையில் சுடப்படும் இலக்கு நொடிக்கு 5 கிலோமீட்டரையும் 3,500 கிலோமீட்டர் தூரத்தையும் தாண்டாமல் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இவற்றைக் காற்றிலிருந்து பறிக்கவில்லை. 3,500 கிலோமீட்டர் போகும் ஏவுகணையின் வேகம் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர்; நொடிக்கு 7 கிலோமீட்டரில் வரும் பெரிய ஏவுகணைக்கும் அதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. இலக்கின் பாதையை வெளியே இருந்து ரேடாராலும் செயற்கைக்கோளாலும் அளக்க முடியும். 3 கிலோமீட்டரைத் தாண்டும் வேகமான வகைகளுக்கு முழுச் சம்மதம் எட்டவில்லை. அவற்றுக்கும் இலக்கு வரம்பை மட்டும் வைத்தார்கள். அமெரிக்க செனட்டின் ஒப்புதலுக்கு இந்த உடன்பாடு அனுப்பப்படவே இல்லை.

2001 டிசம்பர் 13 அன்று அமெரிக்க அதிபர் புஷ் ஏ.பி.எம். ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக ஆறு மாத அறிவிப்புக் கொடுத்தார். பிரிவு 15 அதற்கு இடம் தந்தது. 2002 ஜூன் 13 அன்று ஒப்பந்தம் செத்தது. மறுநாளே ரஷ்யா, ஸ்டார்ட் 2 உடன்பாட்டுக்கு இனித் தான் கட்டுப்படப் போவதில்லை என்று அறிவித்தது. ஒரே ஏவுகணையில் பல வார்ஹெட் வைத்து நிலத்தில் நிறுத்துவதைத் தடை செய்திருந்த உடன்பாடு அது. கேடயத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் குண்டு கூடும் என்ற பழைய கணக்கு, தேதி போட்டு மறுபடி வந்தது.

அதன் பிறகு அமெரிக்கா என்ன கட்டியது என்று பார்த்தால், கிழிந்துபோன ஒப்பந்தத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக டிக் அடிப்பது போல இருக்கும். அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியிலும் கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க்கிலும் சேர்த்து 44 தடுப்பு ஏவுகணைகள். எண்ணிக்கையில் இது பழைய வரம்பான 100க்கும் கீழே! ஆனால் துலே, ஃபைலிங்டேல்ஸ், கலிஃபோர்னியாவின் பீல் ரேடார்கள் எச்சரிக்கையோடு நிற்காமல் தடுப்பு ஏவுகணைக்கும் தகவல் ஊட்டும்படி மேம்படுத்தப்பட்டன. கடலில் எண்ணெய்க் கிணற்று மேடை போன்ற மிதவை மேல் பெரிய எக்ஸ் பேண்ட் ரேடார் ஏறியது. ஜப்பானிலும் துருக்கியிலும் ஏ.என்./டி.பி.ஒய்.-2 ரேடார்கள் வந்தன. வெளிநாட்டில், கடலில், நகரும்படியாக: 1972இல் தடுத்தது மொத்தமும். ரஷ்யாவும் சீனாவும் அந்த 44ஐப் பார்த்து அலறவில்லை. அதன் பின்னால் விரியும் கண்களைப் பார்த்தே அலறின. 2017இல் தென்கொரியாவின் சோங்ஜூவில் தாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வந்தபோது பெய்ஜிங் எதிர்த்ததும் பெரும்பாலும் ரேடாரைத்தான். அது வடகொரியாவைப் பார்ப்பதோடு நிற்காமல் சீனாவுக்குள்ளும் எட்டிப்பார்க்கும் என்றார்கள். நிலம் கொடுத்த லோட்டே நிறுவனத்தின் சீனக் கடைகள் பல மூடப்பட்டன.

நம் துணைக்கண்டத்தில் இப்படி ஓர் ஒப்பந்தம் எப்போதும் இருந்ததில்லை. 2006 நவம்பரில், இன்று அப்துல் கலாம் பெயர் தாங்கும் ஒடிசாத் தீவிலிருந்து இந்தியா தன் முதல் தடுப்பு ஏவுகணையைச் சோதித்தது. 2017 ஜனவரியில் பல வார்ஹெட் கொண்ட அபாபீல் ஏவுகணையைச் சோதித்ததாக அறிவித்த பாகிஸ்தான் ராணுவம், இந்த வட்டாரத்தில் வளர்ந்துவரும் ஏவுகணைத் தடுப்பையே காரணமாகச் சொன்னது. 1970இன் மினிட்மேன் 3 வாதம்தான், ஊர் மட்டும் வேறு.

இன்று அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் மறுபடி உட்கார்ந்தால் எதை எண்ணுவார்கள்? ரேடார் கட்டடத்தை எண்ணும் வழி பெருமளவு போய்விட்டது. பின்தொடரும் வேலையைத் தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் எடுத்துக்கொள்கின்றன; சுற்றுப்பாதைக்கு விளிம்பும் இல்லை, வெளிப்பக்கமும் இல்லை. 1997இன் இலக்கு வேக வரம்பை எடுத்து உபயோகிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 2020 நவம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று எஸ்.எம்.-3 ஏவுகணையால் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ரக இலக்கை ஹவாய் அருகே அடித்துக் காட்டிவிட்டது. கற்றதை மறக்கச் செய்ய முடியாது. இனிமேல் சோதிக்காதே என்று மட்டும் கேட்கலாம். அதனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

மிச்சம் இருக்கும் நல்ல பிடி விண்வெளித் தடுப்பு ஏவுகணை. 2025இல் டிரம்ப் அறிவித்த கோல்டன் டோம் என்ற ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் அதுவும் இருக்கிறது. தாழ்ந்த பாதையில் ஒரு செயற்கைக்கோள் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றும். எதிரியின் ராக்கெட் எரியும் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் அடிக்க வேண்டுமானால், எந்த நேரமும் ஒன்றாவது அந்த இடத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஒற்றை ராக்கெட்டுக்கே நூற்றுக்கணக்கில் சுற்றவிட வேண்டும். ஒரே பகுதியிலிருந்து ஒரே நேரத்தில் பத்து ராக்கெட் கிளம்பினால் அதுவும் பத்து மடங்கு. தாழ்ந்த பாதையின் காற்று உராய்வில் சில வருடங்களில் கீழே விழும், மறுபடி ஏவ வேண்டும். இவ்வளவையும் யாரும் ஒளிக்க முடியாது; அளவிலும் அவகாசத்திலும் பழைய ரேடார் கட்டடம் மாதிரியேதான். ஒளிக்க முடிவது ஒன்றுதான்: சுற்றுகிற பெட்டிக்குள் இருப்பது இணையத் தொடர்புக் கருவியா, தடுப்பு ஏவுகணையா என்பது. அதை மேலே போன பிறகு பார்த்துப் பயனில்லை, ராக்கெட்டின் மூக்குக் கூம்பை மூடும் முன்பே பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. சோதனையாளர்கள் ஏவுகணைத் தளத்துக்கே போய், ரகசியம் தெரியாதபடி உறை போட்ட வார்ஹெட்டுகளைப் பக்கத்தில் நின்று எண்ணினார்கள். அதே உறையும் அதே எண்ணிக்கையும் கேப் கனாவெரலிலும் பிளெசெட்ஸ்கிலும் ஜியுச்சுவானிலும் நடக்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் வாரத்துக்குப் பல முறை ஏவும் தளங்களில் அது ஏவும் அட்டவணையையே தாமதப்படுத்தும். முதல் எதிர்ப்பு ராணுவத்திடமிருந்து வராது, அந்த நிறுவனங்களின் வக்கீல்களிடமிருந்துதான் வரும்.